யாழ்ப்பாணத்துக்குள்ள ரெண்டு பாண்

அன்பு மச்சான்,

எப்பிடி சுகம்? அங்க பனி கொட்டத் தொடங்கிட்டுதோ? இஞ்ச மாரி பிந்தித்தான் வந்தது, வந்த பிறகு விடாமல் பெய்யுது, முத்தம் முழுக்க வெள்ளம். அம்மாவின்ர முழங்கால் நோ இப்ப கொஞ்சம் பரவாயில்லை, உன்னை விசாரிச்சவ.

ஒன்பதாம் வகுப்பில கடைசி வாங்கில இருந்து, கொப்பியின்ர பின்பக்கம் ஒரு பெரிய சொல்லை எழுதிப்போட்டு அதுக்குள்ள இருந்து குட்டிச் சொல்லுகள் எடுப்பமே, ஞாபகமோ? அதை இப்ப பக்கத்து வீட்டுப் பிள்ளையளோட விறாந்தையில இருந்து விளையாடுறன். கரண்ட் போன ஒரு பின்னேரம் தொடங்கினது, இப்ப கரண்ட் இருந்தாலும் வருகினம். பழைய கலண்டர் மட்டையை வெட்டி எழுத்துகளை எழுதி, குலைச்சுப் போட்டு, அதிலயிருந்து சொல்லுப் பொறுக்கிறது.

முதல் சொல் யாழ்ப்பாணம். ஆறே எழுத்து. யாழ், பாழ், யாம், பாணம், பா, அதோட முடிஞ்சுது, பிள்ளையளுக்குச் சப்பெண்டு போச்சு. இங்கிலீசில 26 எழுத்து, உயிரெழுத்து தனிய கிடக்கும், எங்க வேணுமெண்டாலும் கொழுவலாம். எங்கட 247 இல 216 உயிர்மெய், மெய்யும் உயிரும் ஒட்டிக்கொண்டு நிக்கும். அப்பத்தான் அதைப் பிரிச்சுப் போடுவம் எண்டு யோசிச்சன், ய் ஆ ழ் ப் ப் ஆ ண் அ ம் எண்டு ஒன்பது மட்டை வந்துது. மச்சான், பிறகு பாக்கோணும், மண், பண், ஆண், பாய், ஆழம், ஆயம் எண்டு கொட்டத் தொடங்கிட்டுது. ஒருத்தன் பழம் எண்டு கத்தினான், எல்லாரும் கை தட்டிட்டினம், நான் மட்டையை எண்ணிப் பார் எண்டு சொன்னன். பழத்துக்கு ரெண்டு அ வேணும், இஞ்ச ஒண்டுதான் கிடக்கு. பாவம், முகம் வாடிப்போச்சு, ஆனா ழ எண்ட எழுத்துக்குள்ள ஒரு அ இருக்கெண்டது இனி அவனுக்கு மறக்காது.

சொல்லைக் கண்டுபிடிச்சாக் காணாது, கருத்தும் சொந்தமாச் சொல்லோணும். எனக்கு இதுதான் ருசி. யாழ் எண்டா வீணை மாதிரி எண்டினம். மாதிரி எண்டு சொல்லித் தப்பேலாது எண்டன். வீணையில ஒரு தந்தியிலயே விரலை மாத்தி மாத்தி வைச்சு எத்தினை சுரமும் எடுக்கலாம், யாழில ஒரு நரம்புக்கு ஒரு சுரம்தான். பேந்து ஒரு பிள்ளை பாண் எண்டு வைச்சுப்போட்டு "காலமை சம்பலோட சாப்பிடுறது" எண்டா. சரிதான், பிரெட்டைத்தான் சொல்லுறா, 1619 இல இருந்து 1658 வரைக்கும் இஞ்ச ஆண்ட போர்த்துக்கீசரின்ர பாஷையில இருந்து வந்த சொல்லு அது. ஆனா பழந்தமிழில பாண் எண்டா பாட்டு, பாணர் எண்டதும் அதோட சேர்ந்த சொல்லுத்தான், யாழ் வாசிச்ச பாணன் ஒருத்தனுக்குப் பரிசாக் கிடைச்ச இடம் எண்டுதானே எங்கட ஊர்ப்பேருக்கே கதை சொல்லுறவை. பாட்டும் பாணும் ஒரே பேருக்குள்ள இவ்வளவு காலமும் இருந்திருக்கு, நான் அண்டைக்குச் சரியா நித்திரை கொள்ளேல்லை.

ஆணம் எண்ட சொல்லை நான்தான் எடுத்தன். ஒருத்தருக்கும் விளங்கேல்லை. முஸ்லிம் சனம் இருந்த சோனகதெருவில எங்கட கூட்டாளி வீட்ட எத்தினை தரம் சாப்பிட்டிருப்பம், அவன்ர உம்மா குழம்பை ஆணம் எண்டுதான் சொல்லுவா. 1990 இல அந்தச் சனத்தை ஊரைவிட்டு அனுப்பினாப்பிறகு அந்தச் சொல்லை நான் இஞ்ச கேக்கவேயில்லை மச்சான். பிள்ளையளுக்குக் குழம்பு எண்டு மட்டும் சொன்னன், மிச்சத்தைச் சொல்லத் தொண்டை அடைச்சுப் போச்சு.

கடைசியா சின்னவள் ஒருத்தி ழ் மட்டையை மட்டும் தள்ளி வைச்சிட்டு மிச்சத்தை அடுக்கினா, யாப்பாணம். எல்லாரும் பிழை பிழை எண்டு கத்துகினம், கருத்து என்னெண்டு கேட்டன். "அம்மம்மா சொல்லுற யாழ்ப்பாணம்" எண்டா. முழுப் புள்ளியும் குடுத்தன்.

அடுத்த கிழமை உன்ர பருத்தித்துறையை உடைக்கப் போறம். பறை, திரை, திரு மூண்டையும் கண்டிட்டன். உன்ர பிள்ளையளையும் இருத்தித் தேடிப்போட்டு, கருத்தோட எழுதி அனுப்பு.

உன்ர கூட்டாளி