'கைஸ்' என்றால் வெருளிதான்

ஆசிரியருக்கு,

ஆம்பிளையளுக்கான சொல்லைப் பிடித்துக்கொண்டு பெண் பிள்ளைகளும் தங்களுக்குள் 'ஹாய் கைஸ்' என்கிறார்களே என்று போன கிழமை ஒரு வாசகர் உங்கள் பத்திரிகையில் கோபப்பட்டிருந்தார். எனக்கும் முதலில் எரிச்சல்தான். பேத்தி கைபேசியைப் பார்த்துக் 'கைஸ், கைஸ்' என்று சொல்ல, மனுசி குசினியிலிருந்து எட்டிப் பார்த்து "ஆற்றை கையடி?" என்று கேட்டவ.

இந்தக் 'கை' (guy) என்கிற ஆங்கிலச் சொல் முதலில் ஒருத்தருடைய பெயர். 1605 நவம்பரில், இங்கிலாந்து அரசரையும் பாராளுமன்றத்தையும் சேர்த்துத் தகர்க்க நடந்த சதியில், பிரபுக்கள் சபைக்குக் கீழே 36 பீப்பா வெடிமருந்தோடு பிடிபட்ட கை ஃபோக்ஸ். அடுத்த வருடமே ஆளுக்கு மரணதண்டனை, அது முடிந்த கதை. ஆனால் நவம்பர் 5 வந்தால் நெருப்பு மூட்டிக் கொண்டாடும் வழக்கம் நிலைத்துவிட்டது. பிற்காலத்தில் பழைய உடுப்புக்குள் வைக்கோலை அடைத்துப் பொம்மை செய்து, அதற்குக் 'கை' என்று பேர் வைத்து, சின்னப் பெடியள் தெருத்தெருவாகத் தள்ளிக்கொண்டுபோய்ச் சில்லறை கேட்பார்களாம், இரவில் அதை எரிப்பார்களாம்.

பழைய உடுப்பு, வைக்கோல் என்றால் வன்னியில் ஆருக்கு விளங்காது? எங்கள் வெருளிதான்! கிழிந்த சேட்டு, சாரம், தலைக்குச் சுண்ணாம்புப் புள்ளி குத்திய பானை. (என்னுடைய தோட்டத்து வெருளியின் தோளில் மயில் இருந்து இளைப்பாறுகிறது, அது வேறு கதை.) கோலம் கெட்டு வருகிறவனை "என்னடா வெருளி மாதிரி வாறாய்" என்று நாங்கள் கேட்கிறதுபோலவே, 19ஆம் நூற்றாண்டில் அவர்களும் கண்டபடி உடுத்தவனைக் 'கை' என்று நக்கலடித்திருக்கிறார்கள். எங்களுடையது தோட்டத்தோடு நின்றுவிட்டது, அவர்களுடையது அமெரிக்காவுக்குப் போய் நக்கல் கழன்று வெறும் 'ஆள்' ஆகி, பிறகு பன்மையில் பெண்களையும் சேர்த்துக்கொண்டது. இதைப் பிடிக்காதவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள்.

சரி, 'மச்சான்' மட்டும் என்ன? முறைக்காரனுக்கு இருந்த சொல், இன்றைக்குச் சந்தியில் நிற்கிற எல்லாருக்கும் பொது. சிங்களப் பெடியளும் அதைத்தான் சொல்கிறார்கள், பெட்டையளும் ஒருத்தியை ஒருத்தி அப்படிக் கூப்பிடக் கேட்டிருக்கிறேன். அதற்கு ஆரும் கடிதம் எழுதவில்லை.

இதையெல்லாம் பேத்திக்கு விளங்கப்படுத்தினேன். இப்போது கைபேசியை எடுத்தால் 'ஹாய் வெருளியள்' என்றுதான் தொடங்குகிறாள்.

ஒரு தோட்டக்காரன்,
கிளிநொச்சி