தொட்டியில் ஒரே ஒரு செடி என்றாலும்…

ஐயா,

எங்கள் குடியிருப்பு மொட்டை மாடியில் கீரைத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றும்போது பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையன் கேட்டான்: "ஜெர்மனியில் வீட்டுக்கு வீடு கஞ்சா வளர்க்கலாமாமே, அங்கிள்?" அங்கே 2024 ஏப்ரல் முதல் வயதுவந்த ஒருவர் 3 செடி வைத்துக்கொள்ளலாம், உண்மைதான். ஜெர்மனிச் சட்டம் பெரம்பூரில் செல்லாதே தம்பி!

நம் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 20-ஆவது பிரிவுப்படி, அனுமதியின்றி வளர்த்தால் 10 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். 1 கிலோவுக்குள் கஞ்சா வைத்திருந்தால் 'சிறிய அளவு' என்று 1 ஆண்டு வரைதான் சிறை. வளர்ப்புக்கு அப்படி எந்தச் சலுகையும் கிடையாது. வக்கீல் நண்பர் சொல்லும்வரை எனக்கே தெரியாது. கல்லூரி விழிப்புணர்வுக் கூட்டங்களில் காவல்துறையினர் இதையும் விளக்கினால் நல்லது.

– ஒரு வாசகர், பெரம்பூர், சென்னை