சொஃப்ட் போர்ட் பற்றி நீ கேட்டதற்கு

பேர்னபி
பெப்ரவரி 18

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து இரண்டு கிழமையாகிவிட்டது. அம்மாவின் கண் ஒப்பரேசன் நல்லபடி முடிந்ததில் சரியான சந்தோஷம். சொட்டு மருந்தை நேரத்துக்கு விடச் சொல்லு, அவ மறந்துபோவா. இங்கே எல்லோரும் சுகம். பெரியவன் பல்கலைக்கழக விண்ணப்பங்களோடு அறைக்குள்ளேயே கிடக்கிறான். சின்னவள் வயலினை விட்டுவிட்டு டிரம்ஸ் பழகப் போகிறாளாம். பக்கத்து வீட்டார் பாவம்.

வன்கூவரில் வழமைபோல மழை. கீழே மழை பெய்தால் மேலே ஸ்னோ கொட்டும் என்பது இந்த ஊர்க் கணக்கு. ஆனால் இரண்டு மூன்று டிகிரி கூடினால் மேலேயும் மழைதான். 2010 ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்ட் போட்டிகளை சைப்பிரஸ் மலையில் வைத்துவிட்டு, ஸ்னோ போதாமல் லொறியிலும் ஹெலிகொப்டரிலும் கொண்டுவந்து கொட்டினார்களே, நாங்கள் தொலைக்காட்சியில் பார்த்துச் சிரித்தது நினைவிருக்கும். இப்போது அந்த மலைக்குக் கிட்டவே இருந்துகொண்டு ஒவ்வொரு காலையும் நானும் வெப்பநிலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். மருமகனின் சொஃப்ட் போர்ட்டை, அதாவது இலகுவாக வளையும் ஸ்னோபோர்ட்டை, இரவல் வாங்கி உங்கள் ஒன்ராறியோ புளூ மவுண்டனில் ஓடினாய், சொன்னபடி கேட்டது, அப்படி ஒன்று வாங்கினால் மார்ச்சில் இங்கே விஸ்லர் மலை முழுக்க அதிலேயே ஓடலாமா என்று கேட்டிருக்கிறாய். ஓடலாம். போன சீசனிலிருந்து நானும் அந்த மாதிரி ஒன்றில்தான் ஓடுகிறேன். ஆனால் எங்கே அது உன்னைச் சிரிக்கவைக்கும், எங்கே உன் தொடையை எரியவைக்கும் என்று தெரிந்துகொண்டு காசைக் கட்டு.

என்னுடையது 152 சென்ரிமீற்றர் நீளம். கடைக்காரன் ஃப்ளெக்ஸ், அதாவது விறைப்பு, பத்துக்கு மூன்று என்றான். இந்த எண்ணை அதிகம் நம்பாதே. கம்பனிக்குக் கம்பனி அளவு வேறு. ஒருவனுடைய மூன்று இன்னொருவனுடைய ஐந்தாக இருக்கும். அதோடு, ஓடுகிறவனின் எடையும் சேர்ந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். நான் 65 கிலோ. நீ 90ஐத் தொட்டுவிட்டாய் என்று உன் மனிசி போனில் சொன்னா. எனக்கு மூன்றாக இருக்கும் போர்ட் உன் காலின் கீழ் இரண்டாகிவிடும். மருமகன் ஒல்லிப் பெடியன், அவனுக்கு அது அளவான போர்ட். உனக்கு எதற்கும் கொஞ்சம் நீளமாக, ஒரு படி விறைப்பாகப் பார்.

வடிவத்தையும் கவனி. நாங்கள் பழகிய காலத்தில் கடையில் இருந்த போர்ட் எல்லாமே கேம்பர்தான்: தரையில் வைத்தால் நடு உயர்ந்து நிற்கும், நீ ஏறி நின்றதும் அழுந்தி, இரண்டு நுனிப்பக்கமும் ஸ்னோவைக் கடிக்கும். 2000களின் நடுப்பகுதிக்குப் பிறகு ரொக்கர் வந்தது. எங்களுக்குத் தெற்கே வாஷிங்டன் மாநிலத்தில் போர்ட் செய்கிற லிப் டெக் கம்பனிக்காரர்களின் ஸ்கேட் பனானா போர்ட் நினைவிருக்கிறதா? இரண்டு காலுக்கும் நடுவில் கீழே வளைந்து, மூக்கும் வாலும் மேலே தூக்கி நிற்கும். அதற்குப் பிறகு எல்லோரும் இரண்டையும் கலக்கத் தொடங்கினார்கள். என்னுடையதும் கலப்புத்தான். கேம்பருக்குப் பதில் காலடியில் தட்டை, அதைத் தாண்டி இரு பக்கமும் மெல்ல மேலே எழும். மூக்கும் வாலும் ஒரே அளவு, அதனால் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே மாதிரி ஓடும்.

வேகமில்லாத இடத்தில்தான் இந்தப் போர்ட்டின் அருமை தெரியும். இயந்திரத்தால் வாரிச் சமப்படுத்திய இலகுவான பச்சைப் பாதை, பிள்ளைகள் பழகுகிற இடம், செயர்லிஃப்டுக்குத் திரும்பும் சலிப்பான சரிவு, இங்கெல்லாம் பழைய போர்ட்டில் நான் சும்மா நின்றுகொண்டு போவேன். இப்போது அங்கேதான் அதிகம் விளையாடுகிறேன். எடையைக் கொஞ்சம் மூக்குப் பக்கம் சாய்த்தால் மூக்கு வளைந்து வால் தூக்கிவிடும்; அப்படியே இடுப்பைத் திருப்பினால் பட்டர், அதாவது ஒரு நுனியில் நின்று சுழலும் வித்தை, வந்துவிடும். விறைப்பான போர்ட்டை அப்படி வளைக்க வேகம் வேண்டும், பலம் வேண்டும், விழுந்தால் நோகும். இதில் நடை வேகத்தில் செய்யலாம், விழுந்தாலும் எழும்பிச் சிரித்துவிட்டுப் போகலாம். 46 வயதில் புதிதாக ஒன்றைப் பழகுகிறவனுக்கு இது சின்ன விசயமில்லை.

வளைவதோடு முறுக்குவதும் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பெரிதாகக் கதைப்பதில்லை. முன்காலின் விரலை அழுத்தி, பின்காலின் குதியை அழுத்தினால், ஈரத் துணியைப் பிழிவதுபோல போர்ட் நடுவில் முறுகும். முன்பக்க எட்ஜ், அதாவது போர்ட்டின் உலோக ஓரம், முதலில் பிடிக்கும், பின்பக்கம் பிறகு வந்து சேரும். மரத்துக்கு மேலும் கீழும் ஒட்டுகிற கண்ணாடி நார்த் துணியில் இதன் இரகசியம் இருக்கிறது. நார் நெடுக்கும் குறுக்கும் மட்டும் ஓடினால் போர்ட் இலகுவாக முறுகும். சரிவாகவும் நார் போட்டால் இறுகிவிடும். சொஃப்ட் போர்ட்டில் பெரும்பாலும் முதலாவது வகை. அதனால் மரங்களுக்கு நடுவே, மேடுபள்ளத்துக்குள், நெருக்கமான இடத்தில் முழு உடம்பையும் எறியாமல் பாதத்தாலேயே திருப்பலாம். விஸ்லருக்குப் பக்கத்து மலையான பிளாக்கோமின் மரக்காட்டுக்குள் நான் இப்போது முன்பைவிடத் துணிந்து போகிறேன். துணிவு கூடிவிட்டது என்றில்லை, போர்ட் அவ்வளவு கெதியாகத் திரும்புகிறது.

ஆனால் அதே முறுக்கம் கட்டிச் ஸ்னோவில் எதிரியாகிவிடும். எட்ஜில் சாய்ந்து நிற்கும்போது மூக்கும் வாலும் முறுகிப் பிடியை விட்டுவிடும். ஏற்கெனவே நுனிகள் தூக்கியிருப்பதால் ஸ்னோவில் படும் எட்ஜின் நீளமும் குறைவு. நடுப்பகுதி மட்டும்தான் உன்னைத் தாங்கும். ஒன்ராறியோவில் நீங்கள் ஸ்னோ என்று சொல்லுகிற அந்தக் கண்ணாடியில் இது முக்கியம். எட்ஜை நேர்கோடாக விடாமல் அலைபோல வெட்டிய போர்ட்டுகள் இருக்கின்றன. பல இடத்தில் தனித்தனியாகக் கடிப்பதால் ஐஸில் கொஞ்சம் உதவும். புளூ மவுண்டனிலேயே உன் சீசன் முழுக்கப் போகும் என்றால் அதைத் தேடு. இல்லாவிட்டால் கேம்பர் கூடுதலாக உள்ள சொஃப்ட் போர்ட்டைப் பார். தட்டையும் ரொக்கரும் உள்ளதை ஸ்காபரோவில் இருக்கிற உனக்கு நான் சொல்லமாட்டேன்.

வேகத்தைப் பற்றி நேரடியாகவே சொல்லுகிறேன். டேவ் மறே டவுன்ஹில் தெரியும்தானே, 2010 ஒலிம்பிக்கில் ஆண்களின் டவுன்ஹில் ஸ்கீ பந்தயம் ஓடிய விஸ்லர் பாதை. விடிய அது வாரி முடிந்து கோடு கோடாகக் கிடக்கும்போது யாருக்கும் நேரே விடத்தான் மனம் வரும். சொஃப்ட் போர்ட்டில் பாதி வேகம் வந்ததுமே மூக்கு படபடவென்று அடிக்கத் தொடங்கும். சின்ன மேடு ஒவ்வொன்றும் மூக்கை மேலே தள்ளும், அதை அடக்கி வைக்கும் விறைப்பு போர்ட்டில் இல்லை, அடக்குகிற வேலை முழுதும் உன் முழங்காலுக்கு வந்துவிடும். அங்கே நான் இப்போது வேகத்தை விட்டுவிட்டேன். ஓரங்களில் இருக்கும் சின்ன மேடுகளில் ஏறிப் பாய்ந்துகொண்டு இறங்குகிறேன். வேகம்தான் உனக்கு ஸ்னோபோர்ட் என்றால் இந்தக் கடிதத்தை இந்த இடத்தோடு மடித்து வைத்துவிடலாம். ஆனால் உன்னை எனக்குத் தெரியும், பாடசாலையில் சைக்கிளையே பின் சில்லில் நிறுத்தி ஓடினவன் நீ.

ஒன்றை மட்டும் ஆட்கள் தவறாகச் சொல்லுகிறார்கள், சொஃப்ட் போர்ட்டில் கார்வ், அதாவது எட்ஜில் சாய்ந்து சறுக்காமல் வளைந்து போவது, வராது என்று. வரும். மெதுவான வேகத்திலேயே போர்ட் ஆழமாக வளைவதால் வட்டம் சின்னதாக, அழகாக வரும். எட்ஜில் இன்னும் இன்னும் எடையைப் போட்டுத் தள்ளினால்தான் போர்ட் மடிந்து கைவிடும். 220 மீற்றர் உயரத்து புளூ மவுண்டனில் அந்த எல்லைக்குப் போவதற்குள் பாதையே முடிந்துவிடும். விஸ்லரில் அடியிலிருந்து மேலே லிஃப்ட் முடியும் இடம்வரை 1,530 மீற்றர். அங்கே எல்லையைத் தாண்ட உனக்கு நேரம் தாராளமாகக் கிடைக்கும்.

பவுடர் (புதிதாக விழுந்த ஸ்னோ) விசயத்தில் என் எண்ணம் மாறிவிட்டது. கடற்கரையோர மலை என்பதால் எங்கள் ஸ்னோ ஈரம், கனம். தூக்கிய மூக்கு மேலே மிதக்கும், எட்ஜ் எங்கேயும் மாட்டாது, கணுக்கால் அளவு ஸ்னோவில் இதைப்போல் சுகம் இல்லை. முழங்கால் அளவுக்கு வந்தால்தான் கரைச்சல். மூக்கும் வாலும் சம அளவு, கால்கள் சரி நடுவில், அதனால் மூக்கைத் தூக்கி வைக்க நீ பின்காலில் சாய்ந்துகொண்டே இருக்கவேண்டும். மத்தியானத்துக்குள் பின்காலின் தொடை நோகும். பூட்ஸைப் போர்ட்டோடு பூட்டும் பைண்டிங் இரண்டையும் ஒரு ஓட்டை பின்னுக்குத் தள்ளினால் 2 சென்ரிமீற்றர் கிடைக்கும், இரண்டு ஓட்டையென்றால் 4. பெரிய ஸ்னோ விழுந்த நாளில் ஸ்குரூ டிரைவரோடு போ. மேலே இருந்து பாய்ந்து இறங்குவதானால் பாரத்தைப் பின்னால் போடாதே, வால் விறைத்து நிற்காது, அப்படியே உட்கார வைத்துவிடும்.

தட்டையான இடங்களில் எனக்கு இன்னும் ஆத்திரம் வரும். விஸ்லரில் சிம்பொனி லிஃப்ட் பக்கம் போகும் பேர்ன்ட் ஸ்ரூ பாதையில் நீ ஒருமுறை பைண்டிங்கைக் கழற்றிவிட்டுத் திட்டிக்கொண்டே நடந்தாய் அல்லவா? பார்க்கில், அதாவது ஜம்பும் வழுக்கிப் போகிற பொக்ஸும் ரெயிலும் வைத்த வித்தைத் திடலில், ஓடுகிற சொஃப்ட் போர்ட் பலவற்றுக்கு அடிப்பக்கம் எக்ஸ்ட்ரூடட், பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளிச் செய்தது. ரெயிலில் உரசினாலும் திருத்துவது சுலபம், விலை குறைவு, ஆனால் ஓட்டம் மந்தம். பிளாஸ்டிக் பொடியை அழுத்திச் செய்த சின்டர்ட் அடி மெழுகை உறிஞ்சி வைத்துக்கொண்டு வழுக்கும், அடிக்கடி மெழுகு கேட்கும். காசு இருந்தால் சின்டர்ட் வாங்கு. இரண்டில் எதை வாங்கினாலும் மெழுகு போடுவதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பார்க்கைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, இது பார்க்குக்கென்றே செய்த சாமான். பொக்ஸிலும் ரெயிலிலும் சுற்றிப் பிடித்துக்கொண்டதுபோல நிற்கும். சின்ன ஜம்பில் ஒல்லி அடிக்க, அதாவது வாலை அழுத்தித் துள்ளி எழும்ப, உடம்பை முறிக்கவேண்டாம், கொஞ்சம் அழுத்தினாலே வால் வளைந்து தூக்கிவிடும். பெரிய ஜம்பில் அந்தத் துள்ளல் காணாது. இறங்கும்போது கொஞ்சம் பின்னால் விழுந்தாலும் வால் மன்னிக்காது. பெரிய ஜம்பை இந்த வயதில் நீயும் நானும் பார்த்துக் கைதட்டினால் போதும்.

இன்னும் ஒரு விசயம், போர்ட்டை மட்டும் மாற்றிவிட்டுக் கல் மாதிரி பூட்ஸோடு நிற்காதே. பூட்ஸும் பைண்டிங்கும் கொஞ்சம் இளக்கமாக இருந்தால்தான் போர்ட் உன் காலுக்குப் பதில் சொல்லும். கால்களை முன்னுக்கு 15, பின்னுக்கு 12 பாகையில் வெளியே திருப்பிப் பூட்டு. உன் பாதம் 11 அளவு, அதனால் வைட் போர்ட்டையே எடு. இல்லாவிட்டால் சாயும்போதெல்லாம் பெருவிரல் ஸ்னோவில் உரசும்.

நீ வரும் நேரத்தில், மார்ச் கடைசியில், பின்னேரங்களில் ஸ்னோ இளகிக் கூழாகிவிடும். மற்றவர்கள் முறைப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகும் அந்த நேரத்தில்தான் சொஃப்ட் போர்ட்டுக்குக் கொண்டாட்டம், எங்கே விழுந்தாலும் நோகாது. ஆகையால் இப்படிச் செய்வோம். வாங்குவதை அதுவரை ஒத்திப்போடு. என் பழைய விறைப்பான போர்ட் கராஜில் கிடக்கிறது. காலையில் நீ அதை எடு, விஸ்லர் பக்கத்து நீளமான பாதைகளை முடி. மத்தியானம் பீக் டு பீக் கொண்டோலாவில் பிளாக்கோமுக்குப் போகும்போது மாற்றிக்கொள்வோம், 4.4 கிலோமீற்றர் தூரம் தொங்கிக்கொண்டு போகையில் எது பிடித்தது என்று நீயே சொல்லலாம். 152 உனக்குச் சின்னதுதான், அகலமும் காணாது, ஆனாலும் குணம் விளங்கிவிடும்.

விமான நேரத்தை முன்கூட்டியே எழுது, நானே வந்து ஏற்றுகிறேன். பூட்ஸை மட்டும் கொண்டுவா. மனிசி கேட்கச் சொன்னா, வரும்போது ஸ்காபரோக் கடையில் பருத்தித்துறை வடை இரண்டு பக்கெட் வாங்கி வருவாயாம். மூன்றாக வாங்கு, ஒன்று காருக்குள்ளேயே முடிந்துவிடும்.

அன்புடன்,
குமரன்