சிவாவுக்கு, சேரின் கொப்பிகள் பற்றி

வெள்ளவத்தை
ஞாயிறு இரவு

மச்சான் சிவா,

இவ்வளவு நாளாக எழுதாததற்குத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவின் முழங்கால் அப்படியேதான். மகள் பள்ளிக்கூடம் மாறியதை அக்கா சொன்னா. மற்றக் கதையெல்லாம் அப்புறம்.

நமக்குப் படிப்பித்த சேர் தன் இணைந்த கணிதக் கொப்பிகள் முழுவதையும் என்னிடம் தந்துவிட்டார். இணையத்தில் போடட்டாம், ஏ.எல். பிள்ளைகள் காசில்லாமல் படிக்கட்டாம். கூடவே ஒரு கட்டளை: காவியைக் (திசையுள்ள கணியம், வெக்டர்) குறிக்கும் எழுத்துக்கு மேலே அம்பு வரக்கூடாது, கீழே கோடுதான். அம்பு போட்ட ரகுவுக்கு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும்தானே!

மார்க்டவுன் என்ற எளிய எழுத்து வடிவில் தட்டி, கணிதத்தை மட்டும் பின்சாய்கோடு போட்ட லேடெக் கட்டளைகளாக எழுதி, வடிவம் மாற்றும் மென்பொருளான பாண்டொக்கால் இணையப் பக்கமாக, அதாவது எச்டிஎம்எல் ஆக்குகிறேன். 'மத்ஜக்ஸைப் போட்டுவிட்டுப் படு' என்பாய், பக்கம் திறந்ததும் சமன்பாடுகளை வரைகிற அந்த ஸ்கிரிப்டை. போட்டுப் பார்த்தேன், என் கணினியில் அழகுதான். ஆனால் பிள்ளைகள் படிப்பது பழைய போனில், டேட்டா முடிந்துவிடுமோ என்ற பயத்தோடு. ஸ்கிரிப்ட் இறங்கும்வரை திரை முழுக்கப் பின்சாய்கோடுகள்தான். சரி, உலாவியே நேராக வரைகிற, எதுவும் இறக்கத் தேவையில்லாத கணிதக் குறிமொழி மத்எம்எல் என்றால், குரோம் அதை நிலையாக வரையத் தொடங்கியதே 2023 ஜனவரியில், 109ஆம் பதிப்பில். பக்கத்து வீட்டுப் பொடியனின் போனில் அரை என்ற பின்னம் 12 என்று நிற்கிறது! நடுக்கோட்டைக் காணவில்லை. அதோடு லேடெக் மூலமும் ஒட்டிக்கொண்டு வருகிறது. சோதனைக்குப் படிக்கிற பிள்ளை இதைப் பார்த்தால் என்ன ஆகும்?

இதற்குத்தான் லுவா ஃபில்டர், பாண்டொக்கின் நடுவில் நாம் நுழைக்கிற சின்ன நிரல். பாண்டொக் ஆவணத்தை வாசித்து முடித்ததும், எழுதுவதற்கு முன், ஒவ்வொரு கணிதத் துண்டையும் நம் கையில் தருகிறது. அது வரிக்குள் வருவதா, தனியே நிற்பதா என்றும் சொல்கிறது. மேலே அம்பு போடும் 'வெக்' என்ற கட்டளையைக் கீழே கோடு போடும் 'அண்டர்லைன்' ஆக்கி, லேடெக்கை எச்டிஎம்எல் ஆக்கித் தரும் கேடெக் என்ற நிரலுக்குத் துண்டை அனுப்பி, வருகிற எச்டிஎம்எல்லை அந்த இடத்திலேயே வைத்துவிடுகிறேன். வேலை எல்லாம் என் கணினியோடு முடிகிறது. போனுக்குத் தோற்றத்தைச் சொல்லும் ஒரு சிஎஸ்எஸ் கோப்பும் எழுத்துருக்களும் போதும். தட்டிய மூலத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. நாளைக்கு யாராவது அம்பு கேட்டால் ஃபில்டரில் ஒரு வரியை எடுத்தால் சரி. ஏபி போல இரண்டு எழுத்துக்கு மேலே அம்பு இருக்கலாமாம், ஆகவே 'ஓவர்ரைட்அரோ' பக்கம் நான் போகவில்லை. இந்த மனுசனின் சட்டங்களுக்கு ஓர் அரசியல் யாப்பே எழுதலாம்.

ஒன்று சொல்ல வேண்டும். சேருக்குக் கண் பார்வை நன்றாகக் குறைந்துவிட்டது. திரையில் பெரிதாக்கிக் காட்டினால் ஒரு சமன்பாட்டை மெல்ல மெல்ல வாசிக்கிறார். முழுப் பாடத்தையும் சரிபார்க்க அவரால் ஏலாது, அதை அவர் வாயால் சொல்லவும் மாட்டார். நிலையியலை நீதான் பார்த்துத் தர வேண்டும். நான் நிலையியலில் எடுத்த புள்ளி உனக்குத் தெரியும்.

இன்னொன்று. ஒவ்வொரு துண்டுக்கும் கேடெக் புதிதாக ஓடுவதால் நீளமான பாடம் ஆமை வேகத்தில் நகர்கிறது. எல்லாவற்றையும் ஒரே தடவையில் அனுப்ப வழி இருந்தால் எழுது. கோப்புகளை நாளைக்கு அனுப்புகிறேன், முதலில் ஆறாம் பாடத்தைத் திற.

உன்
குமரன்