முன்பள்ளி ரீச்சர்மாரே, "பாரமானது தாழும்" என்று சொல்லிக் கொடுக்காதீர்கள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து முன்பள்ளி ரீச்சர்மார் எல்லாருக்கும் வணக்கம்.

நான் தரம் 8 பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். வீட்டில் நாலரை வயதில் ஒரு மகள் இருக்கிறாள், முன்பள்ளிக்குப் போகிறாள். போன கிழமை அவளுடைய கொப்பியில் கல், ஆணி, இலை, இறகு என்று நாலு படம், கீழே "பாரமானவை தாழும், பாரமற்றவை மிதக்கும்." அதை மூச்சுவிடாமல் பாடமாக்கிச் சொன்னாள். எனக்குத் திக்கென்றது. என் வகுப்பில் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளும் இதே வசனத்தைத்தான் சொல்கிறார்கள், அடர்த்தி படிப்பிக்கத் தொடங்கினால் முதல் இரண்டு பாடவேளை அதை அழிப்பதிலேயே போய்விடுகிறது.

அன்று பின்னேரம் கிணற்றடியில் பெரிய பேசின் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, மட்டையோடு ஒரு தேங்காயையும் ஓர் ஐந்து ரூபாய்க் குத்தியையும் போடச் சொன்னேன். தேங்காய் மிதந்தது, குத்தி நேரே அடிக்குப் போனது. "தேங்காய்தானே பாரம்?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். சரி என்று தோடம்பழம் ஒன்றைப் போட்டோம், தோலோடு மிதந்தது, உரித்துப் போட்டதும் தாழ்ந்தது. தோல் போனால் பழத்தின் பாரம் குறையத்தானே வேண்டும்? ஆனால் தோலுக்குள் இருந்த காற்றும் சேர்ந்தல்லவா போய்விட்டது. அப்புறம் மூடிய வெறும் போத்தல் ஒன்றைத் தண்ணீருக்குள் அமத்திப் பார்த்தவள் கத்தினாள்: "அப்பா, தண்ணி என்ட கையத் தள்ளுது!" கிரேக்க அறிஞர் ஆக்கிமிடிஸ் 2,200 வருடத்துக்கு முன்னர் சொன்னதில் பாதியை, அதாவது தண்ணீர் மேலே தள்ளும் என்பதை, அவள் உள்ளங்கையாலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

மிச்சப் பாதிக்கு அடர்த்தி என்ற சொல் இந்த வயதில் வேண்டாம். "அதே பருமன் தண்ணீரை விட இது பாரமா?" என்ற கேள்வி போதும். ஒரே அளவான இரண்டு சின்ன மெல்லிய பிளாஸ்ரிக் போத்தல் எடுங்கள், ஒன்றில் மணல், மற்றதில் தேங்காயெண்ணெய் முட்ட நிரப்பி மூடுங்கள். மணல் தாழும், எண்ணெய் மேலே நிற்கும், ஏனென்றால் ஒரு லீற்றர் தண்ணீர் 1,000 கிராம் என்றால் தேங்காயெண்ணெய் 920 கிராம் அளவில்தான் வரும். மரமென்றால் மிதக்கும் என்றும் சொல்லிவிடாதீர்கள், கருங்காலிக் கட்டை தாழும்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது களிமண். உருட்டிப் போட்டால் தாழும், அதே உருண்டையைத் தோணி மாதிரிக் குழித்து வைத்தால் மிதக்கும். தோணிக்குள் ஒவ்வொரு சிறுகல்லாக வைத்துக்கொண்டு போனால் ஒரு கட்டத்தில் விளிம்பால் தண்ணீர் ஏறி, அப்படியே இறங்கிவிடும். எங்கள் கடலுக்கு அடியில் கிடக்கிற ஹெர்மிஸ் கப்பலின் கதையும் அதுதான். பத்தாயிரம் தொன்னுக்கு மேற்பட்ட அந்தப் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் உள்ளே காற்று இருந்தவரைக்கும் மிதந்தது, 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டு, காற்று இருந்த இடமெல்லாம் தண்ணீர் புகுந்ததும் தாழ்ந்தது. இவ்வளவு பக்கத்தில் இப்படி ஒரு கதை கிடக்க, நாங்கள் கல்லையும் இறகையும் கீறிக்கொண்டிருக்கிறோம்.

உங்களுக்கு இருக்கிற வேலையும் கிடைக்கிற சம்பளமும் எனக்குத் தெரியும், பழி சொல்ல இதை எழுதவில்லை. கொப்பிக்கு முன்னால் ஒரு பேசின் தண்ணீர் வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். போடுவதற்கு முன்பு என்ன நடக்கும் என்று பிள்ளையிடம் கேளுங்கள், பிழையாகச் சொன்னால் உடனே திருத்தாமல் போட்டுப் பார்க்க விடுங்கள். ஒன்று மட்டும் கட்டாயம்: தண்ணீருக்குப் பக்கத்தில் பிள்ளைகளைத் தனியே விட வேண்டாம், முடிந்ததும் பேசினைக் கவிழ்த்துவிடுங்கள். வாவிக்கரையில் போய்ச் செய்து பார்க்கக் கூடாது என்பதையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

யாருக்காவது முதல் தடவை செய்யத் தயக்கமென்றால் ஒரு சனிக்கிழமை காலை கூப்பிடுங்கள். பேசினும் களிமண்ணும் நானே கொண்டுவருகிறேன், தேங்காய் மட்டும் நீங்கள் எடுத்து வையுங்கள்.