கிராஸ் போதும், ஷேரைச் சொல்லுங்கள்: தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்க நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பாட்டை நம்பி எடுக்கப்படும் படங்களின் வரவு செலவு பற்றி உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கத்தான் இந்த மடல். வெளியாகும் ஒவ்வொரு படத்துக்கும் அதன் தயாரிப்புச் செலவையும் தியேட்டர் ஷேரையும் (வரியும் தியேட்டர்காரர் பங்கும் போக நம் பக்கம் வரும் தொகை) சங்கத்தின் பெயரிலேயே வெளியிடுங்கள். மூன்றாம் நாள் போஸ்டரில் வரும் அந்தக் கோடிக் கணக்கை இனி யாரும் நம்பப்போவதில்லை. அதைப் போடச் சொன்னவர்களும் நம்புவதில்லை.

நான் விநியோக அலுவலகத்தில் கணக்கெழுதியவன். டி.சி.ஆர். என்னும் தினசரி வசூல் தாள்களோடு பழகிய கை. எந்தக் காட்சி, எந்த வகுப்பு, முதல் டிக்கெட் எண் என்ன, கடைசி எண் என்ன, மொத்தம் எவ்வளவு, வரி போக எவ்வளவு, தியேட்டர் பங்கு எவ்வளவு, விநியோகஸ்தரின் ஆளான ரெப்பின் பேட்டா எவ்வளவு என்று எல்லாம் அந்த ஒரே தாளில் இருக்கும். கீழே மேனேஜரும் ரெப்பும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். ஒரு படத்தின் உண்மையான கதை அந்தத் தாளில்தான் இருக்கிறது. வெளியே சொல்லப்படும் தொகைக்கும் அதற்கும் உள்ள தூரம் எனக்குத் தெரியும். அந்தத் தூரம் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போவதுதான் கவலை.

எல்லாப் படத்துக்கும் இது பொருந்தும் என்றாலும் இசைப்படங்களைப் பற்றித் தனியாகப் பேசக் காரணம் இருக்கிறது. அந்தப் படங்களில் பணம் முதலிலேயே போய்விடுகிறது. கேமரா சுழல்வதற்கு முன்பே பாட்டு பதிவாகிவிட வேண்டும். ஒத்திகைக்கு நாள் கணக்கில் ஆடுபவர்களுக்குச் சம்பளம், செட், உடை, அப்புறம் நாலு நிமிடப் பாட்டுக்கு ஒரு வாரப் படப்பிடிப்பு. வரவோ பல பக்கமிருந்து வருகிறது: ஆடியோ உரிமை ஒரு பக்கம், ஓ.டி.டி., சாட்டிலைட் இன்னொரு பக்கம், தியேட்டர் வேறு. எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்லாவிட்டால் பாட்டுக்குப் போட்ட காசு திரும்பியதா இல்லையா என்று யாருக்குமே தெரியாது.

கிராஸுக்கும் (மொத்த டிக்கெட் வசூல்) ஷேருக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட, ஹாலிவுட்டின் 'ஹலோ, டாலி!' படத்தைவிடத் தெளிவான கணக்கு எனக்குத் தெரிந்து இல்லை. டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் 1969 டிசம்பரில் வெளியிட்ட படம். செலவு சுமார் 25 மில்லியன் டாலர். அந்தக் காலத்துக்கு அது மலைக்க வைக்கும் தொகை. பழைய நியூயார்க் தெருவை ஸ்டூடியோ வளாகத்திலேயே கட்டினார்கள். அந்தத் தெருவுக்கு மட்டும் 2 மில்லியன் டாலருக்கு மேல் போனது. ஊர்வலப் பாட்டுக்கு ஆயிரக்கணக்கான துணை நடிகர்கள். படம் ஓடவில்லை என்று சொல்லவே முடியாது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 33 மில்லியன் வசூல். அந்தப் பருவத்தில் அதிகம் வசூலித்த படங்களில் அதுவும் ஒன்று.

ஆனால் அந்த 33 மில்லியனில் ஃபாக்ஸ் கைக்கு வந்தது ஏறக்குறைய 15 மில்லியன்தான். மீதி தியேட்டர்காரர்களின் பங்கு. உலகம் முழுவதும் சேர்த்தும் ஷேர் சுமார் 26 மில்லியன். செலவும் வரவும் சமம் போலத் தோன்றும். விளம்பரம், பிரிண்ட், விநியோகச் செலவு எல்லாவற்றையும் கழித்தால் சுமார் 10 மில்லியன் நஷ்டம் என்று கணக்கிட்டார்கள். நம் ஊராக இருந்திருந்தால் அந்த 33-ஐப் போட்டு வெற்றி விழா போஸ்டர் அடித்திருப்போம்.

அந்தப் படத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. 1968-லேயே படப்பிடிப்பு முடிந்துவிட்டது. ஆனால் மேடை நாடகத்தின் உரிமையை வாங்கியபோது, நாடகம் பிராட்வேயில் ஓடும்வரை படத்தை வெளியிடக் கூடாது என்று நிபந்தனை இருந்தது. கடைசியில் தனியாகப் பணம் கொடுத்துத்தான் வெளியிட அனுமதி வாங்கினார்கள். முடிந்த படம் ஒரு வருஷத்துக்கும் மேலாகப் பெட்டிக்குள் கிடந்தது. ஃபைனான்ஸ் வாங்கிப் படம் எடுக்கும் உங்களுக்கு அதன் அர்த்தத்தை நான் விளக்கத் தேவையில்லை.

ஃபாக்ஸ் இந்தப் பாதையில் இறங்கியதற்கும் ஒரு கணக்குதான் காரணம். 1965-இல் வந்த 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' சுமார் 8.2 மில்லியன் டாலரில் எடுக்கப்பட்டது. 'கிளியோபாட்ரா' எடுத்துத் தள்ளாடிக்கொண்டிருந்த கம்பெனியை அந்த ஒரு படம் நிமிர்த்தியது. அடுத்த ஆண்டே அதுவரை வந்த எல்லாப் படங்களின் வசூலையும் தாண்டியது. உடனே பெரிய இசைப்படங்கள் வரிசை கட்டின. 'டாக்டர் டூலிட்டில்' சுமார் 17 மில்லியன். இங்கிலாந்துக் கிராமத்தில் விடாத மழை, பழக்கிய விலங்குகளைக் கொண்டுபோக விடாத சட்டம் என்று செலவு ஏறிக்கொண்டே போனது. அடுத்து 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' எடுத்த அதே இயக்குநர், அதே நாயகியோடு 'ஸ்டார்!', சுமார் 14 மில்லியன். இரண்டுமே கையைச் சுட்டன. பிறகுதான் 'ஹலோ, டாலி!'. 1970 முடிவதற்குள் ஸ்டூடியோ தலைவரே வெளியேற்றப்பட்டார். இவர்கள் கையில் கணக்கு இருந்தும் தவறினார்கள் என்பதை நான் மறைக்கவில்லை. முதல் படத்தின் செலவு 8.2 மில்லியன்தான் என்பதை மறந்துவிட்டு, வரவை மட்டும் கண்ணில் வைத்துக்கொண்டு ஓடினார்கள். கணக்கு வெளியில் இருந்தால் அடுத்தவராவது பாடம் படிக்கலாம். ஐம்பது வருஷம் கழித்து நானே அதிலிருந்து ஒரு பாடத்தை எடுத்து உங்களிடம் வைக்க முடிகிறதே.

நம் பக்கம் வருவோம். எஸ்.எஸ். வாசனின் 'சந்திரலேகா'வைவிடப் பெரிய உதாரணம் நமக்கு எது? 1948 ஏப்ரலில் தமிழில் வந்தது. செலவு சுமார் 30 லட்சம் ரூபாய். முரசு நடனத்துக்கு மட்டும் நானூறு பேர் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தார்கள். வாசன் சொத்தை அடமானம் வைத்தார், நண்பர்களிடம் கடன் வாங்கினார். படத்தைக் கூட்டம் கொண்டாடியது. இருந்தும் தமிழ்நாட்டு வசூல் மட்டும் அந்தச் செலவைத் தூக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் இந்திப் பதிப்பை வெளியிட்டு, வடக்கே பிரமாண்டமாக விளம்பரம் செய்த பிறகுதான் பணம் திரும்பியது. தென்னிந்தியத் தயாரிப்பாளர்களுக்கு வடக்குச் சந்தையின் கதவு திறந்ததும் அதனால்தான்.

இந்த ஒரு கணக்கில் எவ்வளவு படிப்பினை இருக்கிறது பாருங்கள். கூட்டம் வந்தும் போட்ட காசு வராமல் போகலாம். செலவைச் சந்தையின் அளவுக்குக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் சந்தையைச் செலவின் அளவுக்குப் பெரிதாக்க வேண்டும். இரண்டாவதைச் செய்ய வாசனின் துணிச்சலும் அவருடைய விளம்பரத் திறமையும் வேண்டும். இன்றைக்கு 'பான் இந்தியா' என்று பேசும்போது இந்தக் கணக்கை யாரும் எடுத்துப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

வாசன் 1940-இல் ஏலத்தில் எடுத்த ஸ்டூடியோதான் ஜெமினி ஆனது. அந்த ஏலத் தொகை 86,427 ரூபாய் 11 அணா 9 பை என்று இன்றுவரை சொல்லப்படுகிறது. அணா, பை வரைக்கும் கணக்கு வைத்திருந்த தொழில் இது. இன்று அதே தொழிலில் வசூல் என்றால் ஐம்பது, நூறு, இருநூறு என்று முழு எண்ணாக மட்டும் வருகிறது. டிக்கெட் விற்பனையில் எந்தத் தொகையும் அப்படி முழு எண்ணாக வந்து நிற்காது. டி.சி.ஆர். பார்த்த எவருக்கும் இது தெரியும்.

நடப்பது என்ன? நூறு கோடி கிராஸ் என்று வைத்துக்கொள்வோம். ஜி.எஸ்.டி. போகும், உள்ளாட்சி மன்றத்தின் கேளிக்கை வரி போகும். மீதியில் தியேட்டர் பங்கு போகும். அதற்குப் பிறகு விநியோகக் கமிஷன், விளம்பரம், டிஜிட்டல் திரையிடல் கட்டணம். தயாரிப்பாளர் பக்கம் வருவது பாதிக்கும் கீழே. எம்.ஜி.க்கு, அதாவது ஓடினாலும் ஓடாவிட்டாலும் இவ்வளவு என்ற குறைந்தபட்ச உத்தரவாதத் தொகைக்கு, விற்ற படமாக இருந்தால் கதையே வேறு. தயாரிப்பாளர் முன்பே பணம் வாங்கிவிட்டார். படம் விழுந்தால் அடி வாங்குவது மதுரை-ராமநாதபுரம் ஏரியாவை எடுத்தவரும், திருச்சி-தஞ்சையை எடுத்தவரும், அட்வான்ஸ் கொடுத்த தியேட்டர்காரரும். சென்னையில் வெற்றி விழா நடக்கும் அன்றைக்கே திருநெல்வேலியில் ஒருவர் பாக்கியைத் திருப்பிக் கேட்டு அலைந்துகொண்டிருப்பார்.

இதில் அதிகம் நசுங்குவது பாட்டுத்தான். கணக்கு இல்லாத இடத்தில் வதந்திதான் ஆதாரம். ஒரு வருஷம் "பாட்டுக்கு ஜனங்க எழுந்து வெளியே போறாங்க" என்று பேச்சு வரும். உடனே பாட்டை வெட்டுவார்கள், வயலின் கோஷ்டியை விட்டுவிட்டு கம்ப்யூட்டரிலேயே முடிப்பார்கள், ஐம்பது பேர் ஆட வேண்டிய இடத்தில் பத்துப் பேர் ஆடுவார்கள். அடுத்த வருஷம் ஏதாவது ஒரு படம் பாட்டால் ஓடியது என்று சொல்லப்பட்டதும் எல்லோரும் வெளிநாட்டில் செட் போடக் கிளம்புவார்கள். இரண்டு முடிவுக்கும் பின்னால் ஒரு தாள் கணக்குகூட இருக்காது. இசையை மையமாக வைத்து அளவான செலவில் ஒரு படம் எடுக்க நினைக்கும் புதியவர், யாரிடம் போய் எந்த எண்ணைக் காட்டி ஃபைனான்ஸ் கேட்பார்?

முடியாத காரியம் ஒன்றையும் நான் கேட்கவில்லை. தென்கொரியாவில் நாடு முழுக்க உள்ள தியேட்டர் டிக்கெட் கணினிகளைத் திரைப்படக் கவுன்சில் ஒரே வலையில் இணைத்திருக்கிறது. எந்தப் படத்துக்கு நேற்று எத்தனை பேர் போனார்கள் என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அங்கே வெற்றியைப் பணத்தைவிடத் தலை எண்ணிக்கையில்தான் சொல்வார்கள். டிக்கெட் விலை ஏறினாலும் பழைய படத்தையும் புதிய படத்தையும் நியாயமாக ஒப்பிட அது நல்ல வழி.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். கேரளத் தயாரிப்பாளர் சங்கம் 2025-இல் மாதந்தோறும் செலவையும் தியேட்டர் ஷேரையும் படவாரியாக வெளியிடத் தொடங்கியது. பிப்ரவரி மாதப் பட்டியலில் 17 படங்கள். மொத்தச் செலவு சுமார் 75 கோடி, தியேட்டர் ஷேர் சுமார் 23 கோடி. வெளியானதும் எதிர்ப்பு வந்தது. தன் படத்தின் செலவும் வரவும் சரியாகச் சொல்லப்படவில்லை என்று முன்னணி நடிகர் ஒருவரே மறுத்தார். மறுக்கட்டுமே. ஒரு எண்ணை வைத்து மறுப்பதற்கு முதலில் ஓர் எண் வேண்டும். கேரளத்துக்கு வெளியே வந்த வசூலை அந்தப் பட்டியல் சேர்க்கவில்லை என்றால், அடுத்த முறை சேர்ப்பார்கள். நம்மிடம் தப்பைச் சுட்டிக்காட்டக்கூட ஒரு பட்டியல் கிடையாது.

வருமான வரிக்குப் பயம், நடிகர் சம்பளம் வெளியே தெரிந்துவிடும் என்ற தயக்கம், ஹீரோவின் மார்க்கெட் விழுந்துவிடும் என்ற கவலை, இவையெல்லாம் உங்கள் கூட்டங்களில் எழும் என்று தெரியும். சம்பளத்தைத் தனித்தனியாகச் சொல்ல வேண்டாம். நடிகர், தொழில்நுட்பக் கலைஞர் சம்பளம் மொத்தமாக ஒரு வரி. இசையும் பாடல் காட்சிகளும் ஒரு வரி. மற்ற படப்பிடிப்புச் செலவு, விளம்பரம், கடைசியாக வட்டி. வட்டியைக் கட்டாயம் தனி வரியில் போடுங்கள். நம் படங்களில் அது எவ்வளவு தின்கிறது என்று தெரிந்தால்தான் அதற்கு வழி பிறக்கும். வரவுப் பக்கம் விற்ற டிக்கெட் எண்ணிக்கை, வரி போக நிகரத் தொகை, தியேட்டர் ஷேர். ஆடியோ, ஓ.டி.டி., சாட்டிலைட் உரிமைகளை மூன்று வரிகளாகப் பிரிக்க விருப்பமில்லை என்றால் ஒரே தொகையாகவாவது போடுங்கள். எம்.ஜி.யில் விற்றிருந்தால் அதையும் குறிப்பிடுங்கள்.

படம் வெளியான நான்கு வாரம் கழித்து வெளியிட்டால் போதும். அதற்குள் பெரும்பாலும் தியேட்டர் ஓட்டம் முடிந்துவிடுகிறது. எல்லோரையும் கட்டாயப்படுத்த முடியாது என்றால், விருப்பமுள்ள தயாரிப்பாளர்களை வைத்து ஆறு மாதம் நடத்திப் பாருங்கள். தியேட்டர் உரிமையாளர்களையும் விநியோகஸ்தர்களையும் அழைத்து டி.சி.ஆர். வடிவத்தை மாநிலம் முழுக்க ஒன்றாக்குங்கள். டிக்கெட் இப்போது பெரும்பாலும் கணினியில்தான் விற்கிறது. எனவே எண்ணைச் சேர்ப்பது பெரிய வேலையில்லை.

அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாக வையுங்கள். தோற்றாலும் பரவாயில்லை, யார் எதிர்த்தார்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்று கூட்டக் குறிப்பில் பதிவாகட்டும்.

அன்புடன்,
விநியோக அலுவலகத்தில் கணக்கெழுதிய ஒருவன்