நிற்கும் விமானத்துக்கும் ஒரு கணக்குப் போடுங்கள்

பெங்களூருவில் விமானத்தில் பயணிகள் அமரும் அறையின் காற்றோட்டத்தைக் கணினியில் கணித்துப் பார்க்கும் தமிழ்ப் பொறியாளர்களுக்கு,

வணக்கம். காற்றை ஓடவிட்டுச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் புகை விட்டு, அது போகும் வழியைப் படம்பிடித்தே பணிக்காலத்தைக் கழித்தவன் நான். நாங்கள் ஒரு மாதம் திணறியதை நீங்கள் ஒரு வாரத்தில் முடிக்கிறீர்கள். கொஞ்சம் பொறாமைதான்.

சென்ற மே மாதம் டெல்லியிலிருந்து திரும்பும்போது, கதவை அடைத்த பிறகு விமானம் ஐம்பது நிமிடம் நின்ற இடத்திலேயே நின்றது. தலைக்கு மேலுள்ள துளையருகே கையை வைத்தால் காற்று இல்லை. பாதுகாப்புக் குறிப்பு அட்டைதான் எல்லோருக்கும் விசிறி. பக்கத்து இருக்கைப் பெண்மணி குழந்தையின் சட்டையைக் கழற்றிவிட்டார். அல்சூரில் வீடு வந்து சேர்ந்தால், விமான அறைக் காற்றோட்டத்தைக் கணினியில் கணித்த ஒரு வண்ணப்படத்தை மருமகன் அனுப்பியிருக்கிறார்: நீலக் காற்று மேலிருந்து இறங்கிச் சுவரோரத் தரைச் சல்லடை வழியாக ஒழுங்காக வெளியேறுகிறது. முழுக் காற்றும் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மாறிவிடுமாம்!

படம் பொய் சொல்லவில்லை. பறக்கும்போது பெரும்பாலான விமானங்களில் ஏறத்தாழப் பாதி வெளிக்காற்று. மீதி, ஹெப்பா என்னும் நுண்துகள் வடிகட்டியில் புகுந்து திரும்பி வருவது. 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 விழுக்காட்டை அந்த வடிகட்டி பிடித்துவிடும். ஆனால் காற்று ஓடினால்தானே பிடிக்கும்?

1977இல் அலாஸ்காவில் 54 பேருடன் ஒரு விமானம் எஞ்சின் கோளாறால் மூன்று மணி நேரம் தரையில் நின்றது. காற்றோட்டம் இயங்கவில்லை. உள்ளே ஒருவருக்கு இன்ஃபுளுவென்சா. மூன்று நாளுக்குள் பயணிகளில் 72 விழுக்காட்டினர் நோயில் படுத்துவிட்டார்கள்.

ஒரு காகிதக் கணக்கும் போட்டுப் பார்த்தேன். உட்கார்ந்திருப்பவர் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கரியமில வாயு விடுகிறார். 180 பேர், 140 கன மீட்டர் அறை, வெளிக்காற்று சுழியம் என்று வையுங்கள். கால்மணி நேரத்திலேயே அளவு அரை விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது. அமெரிக்க விமானத் தகுதி விதி அனுமதிக்கும் உச்சவரம்பே அந்த அரை விழுக்காடுதான்.

இதைக் கணினியில் பிடிப்பது எளிதில்லை என்பதும் தெரியும். மேலிருந்து வரும் காற்று நின்றால், உடற்சூடுதான் அறைக்கு எஞ்சின். ஆளுக்கு 100 வாட் என்றால் 180 பேருக்கு 18 கிலோவாட். அந்தச் சூட்டில் எழும் காற்று கூரையில் முட்டி, முன்னும் பின்னுமாகத் தவழும். ஒரு வரிசையைக் கணித்து முப்பது முறை ஒட்டுகிறீர்களே, அந்தக் குறுக்குவழி இங்கே செல்லாது. முழு அறையும் வேண்டும். நேரச் சராசரியும் போதாது. ஒவ்வொரு நிமிடமும் நிலைமை மாறிக்கொண்டே இருக்கும், வெயிலில் காய்ந்த உலோகக் கூடு வேறு உள்ளே வெப்பத்தைத் தள்ளும். கணித்ததைச் சரிபார்க்க, நிற்கும் விமானம் ஒன்றில் சூடேற்றிய பொம்மைகளை உட்கார வைத்துப் புகை விடுங்கள். புகை விடுவதற்கு நான் கூலி கேட்கமாட்டேன்.

முதல் கணிப்பு இப்படி இருக்கட்டும்: வெளியே 44 டிகிரி, உள்ளே வரும் காற்று சுழியம், நடு வரிசையில் இருமுகிற ஒருவர், ஐம்பது நிமிடம். எத்தனையாவது நிமிடத்தில் கதவைத் திறந்தே ஆகவேண்டும் என்ற எண்ணை எடுத்து, டெல்லியில் இருக்கும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்துக்கு அனுப்புங்கள். படம் முழுக்கச் சிவப்பாக வந்தால், வண்ண அளவுகோலை மாற்றாமல் அப்படியே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
புகை விட்டு வயதான ஒருவன்
அல்சூர், பெங்களூரு